பன்னிரண்டு யூரோ கத்தி

2019 அக்டோபரில் அலுவலக வேலையாக ஆறு வாரம் பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்தில் இருந்தேன். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் முடிவில் ஆல்ப்ஸ் மலை தெரியும் ஊர். தங்கியிருந்த அறையில் மின்னடுப்பு, வாணலி, இரண்டு முள்கரண்டி எல்லாம் இருந்தன. கத்தி மட்டும் இல்லை. முதல் சனிக்கிழமை சந்தையில் ரொட்டி, தக்காளி, கெட்டித் தோல் போட்ட பாலாடைக்கட்டி எல்லாம் வாங்கிவந்து மேசையில் பரப்பிய பிறகுதான் அது உறைத்தது. ரொட்டியைப் பிய்த்துத் தின்னலாம். மற்றதை என்ன செய்வது?

தெருமுனை ஹார்டுவேர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில், நம்மூர்ப் பெட்டிக்கடையில் மிட்டாய் பாட்டில் இருக்கும் இடத்தில், மரப்பிடி போட்ட மடக்குக் கத்திகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி வைத்திருந்தார்கள். எட்டாம் எண் கத்தி பன்னிரண்டு யூரோ. நம் பணத்தில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஊரில் இரண்டு காப்பியும் ஒரு சாண்ட்விச்சும் வாங்கினால் தீர்ந்துபோகும் காசு. ஆறு வாரம் தாக்குப்பிடித்தால் போதும், கிளம்பும்போது குப்பையில் போட்டுவிடலாம் என்று வாங்கினேன்.

அறைக்கு வந்து தக்காளியில் வைத்தேன். அழுத்தவே இல்லை, தானாக இறங்கியது. துண்டைத் தூக்கிப் பார்த்தால் வெளிச்சம் தெரிகிறது. ‘அட’ என்று வாய்விட்டுச் சொன்னேன். தனியாக இருக்கும்போது ஒரு பொருளைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மதிய உணவில் எங்கள் பிராஜெக்ட் மேனேஜர் பையிலிருந்து அதே கத்தியை எடுத்து ஆப்பிளை நறுக்கினார். தீட்டித் தீட்டி அவருடைய கத்தியின் அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. அவருடைய அப்பாவினுடையதாம். குப்பையில் போடலாம் என்று நான் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. அன்று இரவுதான் அந்தக் கத்தியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

முதலில் நம் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மடக்குக் கத்தியை நாம் பேனாக்கத்தி என்கிறோம். பேனா என்பது போர்த்துக்கீசியச் சொல். அந்த மொழியில் அதற்கு இறகு என்று பொருள். வாத்து இறகைச் சீவி எழுதுகோலாக்குவதற்கு வைத்திருந்த சிறிய கத்தி பேனாக்கத்தி. நாம் இறகால் எழுதியவர்கள் அல்ல, ஓலையில் கீறியவர்கள். நம் எழுத்தாணிகளிலேயே ஓலையை வாருவதற்குக் கத்தி வைத்த வாரெழுத்தாணி இருந்தது. மடக்கிச் செருகிக்கொள்ளும் மடக்கெழுத்தாணியும் இருந்தது. ஓலையோடு அவை போய்விட்டன. இறகும் போய்விட்டது, இறகின் பெயரைச் சுமந்த கத்தி மட்டும் நம் சட்டைப்பையில் நின்றுவிட்டது.

மடக்குக் கத்தி ரொம்பப் பழைய யோசனை. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் கிடைத்த ஒரு மடக்குக் கத்திக்கு 2,500 ஆண்டு வயது சொல்கிறார்கள். ரோமானியர்களிடமும் இருந்தது. ஆனால் அதை ஏழையின் பைக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. 17ஆம் நூற்றாண்டில் அங்கே பிடியின் முதுகில் ஒரு எஃகு வில்லை வைத்து, அலகு திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஓரளவு நிற்கும்படி செய்தார்கள். ஷெஃபீல்டில் பிறந்த ‘பார்லோ’ என்ற எளிய கத்தி அமெரிக்கா வரை போனது. மார்க் ட்வைன் 1876இல் வெளியிட்ட நாவலில் டாம் சாயர் பைபிள் வசனத்தை மனப்பாடம் செய்ததற்குப் பரிசாக வாங்குவது பன்னிரண்டரை சென்ட் பெறுமான பார்லோ கத்தியைத்தான். அது எதையும் வெட்டாது என்பது வேறு விஷயம். பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தப் பன்னிரண்டரை சென்ட்டின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட புத்தகத்தில் நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவரை மேற்கோள் காட்டுகிறார். ஈரக்கல்லில் தீட்டும் தொழிலாளிகள் 45 வயதைத் தாண்டுவது அரிது. உலர்கல்லில் தீட்டுபவர்கள் 35ஐத் தாண்டுவதே அரிது. கல்லும் எஃகும் உதிர்த்த தூள் நுரையீரலில் படிந்தது. பிரான்ஸின் கத்தி நகரமான தியேரில் தீட்டுபவர்கள் ஆற்றோரப் பட்டறைகளில் பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே சுழலும் கல்லில் அலகை அழுத்தினார்கள். சாணைக்கல்லின் மஞ்சள் சேறு உடம்பில் அப்பியதால் ‘மஞ்சள் வயிற்றுக்காரர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். குளிரில் கால் விறைக்காமல் இருக்க ஒரு நாயைத் தங்கள் கால்மேல் படுக்க வைத்துக்கொள்வார்கள்.

ஒரு பொருள் மலிவாக இருந்தால் மீதி விலையை யாரோ எங்கோ கொடுத்திருப்பார்கள். அதனால்தான் என் பன்னிரண்டு யூரோ கத்தியை அடுத்த நாள் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தேன்.

*

கத்தியின் பெயர் ஒபினெல். கிரெனோபிளிலிருந்து கிழக்கே, சவோய் பகுதியின் மோரியேன் பள்ளத்தாக்கில் சான்-ழான்-த-மோரியேன் என்றொரு சிறிய ஊர். அதற்கு மேலே மலைக்கிராமம் அல்பியே-ல-வியோ. அங்கே 1872இல் பிறந்தவர் ஜோசப் ஒபினெல். அப்பா டேனியல் கோடாலி, அரிவாள் போன்ற வெட்டுக்கருவிகள் அடிக்கும் கொல்லர். மகனுக்கு இயந்திரங்கள்மேல் பித்து. புகைப்படக்கருவி ஒன்றைத் தானே செய்து, ஊர்க் கல்யாணங்களில் படமெடுத்தவர். 1890இல், பதினெட்டு வயதில், அக்கம்பக்கத்து விவசாயிகளுக்காக ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரப்பிடி, எஃகு அலகு, இரண்டையும் சேர்க்கும் ஆணி, மரம் பிளக்காமலிருக்க ஒரு உலோகப் பூண். அவ்வளவுதான். ஷெஃபீல்டின் வில்கூட அதில் இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். பிடியில் அலகு படுக்கும் பள்ளத்தை வெட்டுவதுதான் கையால் செய்தால் நேரம் தின்னும் வேலை. அதற்கு ஓர் இயந்திரம் செய்தார். கத்தியின் விலை எங்கே கூடுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் கைவைத்திருக்கிறார். எங்கள் தொழிலில் நிரல் மெதுவாக ஓடினால் முதலில் எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று அளப்போம். அதே வேலை.

மோரியேன் வழியாகத்தான் பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் ஃப்ரெழுஸ் ரயில் சுரங்கம் 1871இல் திறந்தது. மலைக்கிராமத்துக் கத்தி ரயில்வே தொழிலாளிகளின் பைகளில் ஏறி ஊர் ஊராகப் போனது. 1909இல் பதிவான அதன் முத்திரை, கிரீடத்துக்குக் கீழே இரண்டு விரல் நீட்டி ஆசி தரும் ஒரு கை. சான்-ழான் ஊரின் சின்னத்திலிருந்து எடுத்தது; அங்குள்ள பேராலயத்தில் திருமுழுக்கு யோவானின் விரல்கள் இருப்பதாக நம்பிக்கை. 1911இல் டுரின் கண்காட்சியில் தங்கப்பதக்கம். முதல் உலகப்போர்க் காலத்தில் தொழிற்சாலை ஷாம்பெரி நகரை ஒட்டிய கொன்யேனுக்கு இடம் மாறியது. 1926இல் அது எரிந்து, மறுபடி எழுந்தது.

1897ஆம் ஆண்டில் நடந்த இரண்டு விஷயங்கள் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தன. அந்த ஆண்டுதான் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸ்னர், கத்தியோடு திருகியும் தக்கை உருவியும் சேர்ந்த தன் அதிகாரிகளின் கத்தியைப் பதிவு செய்தார். இன்று உலகமே ‘சுவிஸ் கத்தி’ என்று சொல்வது அதைத்தான். அதே ஆண்டு ஜோசப் ஒபினெல் தன் கத்தியில் எதையும் சேர்க்காமல், அதே கத்தியை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அளவுகளில் கொண்டுவந்தார். ஒருவர் ஒரே கத்திக்குள் பத்து வேலையை வைத்தார். இன்னொருவர் ஒரே வேலையைப் பன்னிரண்டு கைகளுக்கு அளவெடுத்துக் கொடுத்தார். பிறகு 1935இல் ஒன்றாம் எண்ணையும் பதினொன்றாம் எண்ணையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்று ரொம்பச் சிறிது. பதினொன்றுக்கும் அதன் இருபுறமும் உள்ளதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இன்றும் கடை அடுக்கில் பத்துக்கு அடுத்து பன்னிரண்டுதான்.

*

ஆனால் இந்தக் கத்தியில் ஒரு குறை இருந்தது. அலகைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்துவது மரத்தின் இறுக்கம் மட்டும்தான். குத்தி அழுத்தினால் அலகு மடங்கி விரலில் இறங்கலாம். இந்தக் குறை தீர 65 ஆண்டு ஆனது. 1955இல் ஜோசப்பின் மகன் மார்செல், பழைய பூணின்மேல் சுழலும் இன்னொரு வளையத்தைப் போட்டார். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. ‘விரோப்லோக்’ என்று பெயர். பிளவுபட்ட ஒரு உலோக வளையம், அவ்வளவே. 2000இல் அதையே மாற்றி, மூடிய நிலையிலும் பூட்டும்படி செய்தார்கள். ஆறாம் எண்ணிலிருந்து மேலே எல்லாக் கத்திக்கும் அந்த வளையம் உண்டு. அதற்குக் கீழே உள்ள பொடிக் கத்திகளுக்கு இல்லை.

வளையத்தோடு சேர்த்தாலும் மொத்தம் ஐந்தே பாகம். மரம் பீச். என் கத்தியின் எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.9 சதவீதம். நன்றாகக் கூர் ஏறும், ஈரம் பட்டால் துரு பிடிக்கும். ஆப்பிள் வெட்டிய இரண்டாம் நாளே நீலமும் சாம்பலுமாக நிறம் மாறியது. முதலில் பதறினேன். பிறகு அம்மாவின் அரிவாள்மனை ஞாபகம் வந்தது. வாழைக்காய் நறுக்கிக் கறுத்துப்போன அதே இரும்பு நிறம். அம்மா செய்வதுபோல் துடைத்து எண்ணெய் தடவினேன், சரியாகிவிட்டது. பிடி ஈரத்தில் ஊறினால் அலகு உள்ளே இறுகிக்கொள்ளும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு தலை நீட்டும். ‘சவோய்க்காரன் தட்டு’ என்று பெயர். 1985இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் மிகச்சிறந்த நூறு வடிவமைப்புகளில் ஒன்றாகச் சேர்த்த பொருளுக்கு, கோளாறு வந்தால் வைத்தியம் மேசையில் ஒரு தட்டு!

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மென்பொருளுக்கு மூன்று விலைகள் வைத்தோம். குறைந்த விலையில் வாங்குபவர்களுக்கு, எழுதியது தானாகச் சேமிக்கப்படும் வசதியை நிறுத்தவேண்டும் என்று முடிவானது. அந்த வசதி ஏற்கனவே எல்லோருக்கும் வேலை செய்துகொண்டிருந்தது. அதைக் கொடுப்பதால் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. இருந்தும் நிறுத்துவதற்காக ஒரு ‘இஃப்’ வரி எழுதவேண்டும். எழுதியது நான்தான். ஐந்து நிமிட வேலை. ஒரு வாரம் கழித்து மூன்று மணி நேர வேலை போய்விட்டது என்று ஒருவர் அனுப்பிய மடல் எனக்கும் வந்தது. படித்துவிட்டு மூடினேன்.

மலிவு இரண்டு வகை என்று இப்போது தோன்றுகிறது. தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டதால் விலை குறைந்த பொருள் ஒன்று. அதிக விலைக்குப் போகச் சொல்லி வேண்டுமென்றே காயப்படுத்தி வைத்த பொருள் இன்னொன்று. பயன்படுத்துகிறவருக்கு இரண்டும் முதல் பார்வையில் ஒன்றுபோலத்தான் தெரியும். விரலைக் காக்கும் வளையத்தை விலையுயர்ந்த கத்திகளுக்கு மட்டும் என்று மார்செல் ஒபினெல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஹார்டுவேர் கடைக் கல்லாவில் தொங்கும் கத்தியிலும் அது இருக்கிறது.

*

கிளம்பும்போது இன்னொரு எட்டாம் எண் வாங்கினேன். பெரிய பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இதற்குமுன் வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரமும் டேப்லெட்டும் பீரோவில் உறையோடு இருக்கின்றன. கத்தியை உடனே திறந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார்.

“எவ்ளோடா ஆச்சு?”

சொன்னேன்.

“ஆயிரம் ரூபாயா? நம்ம சந்தையில அம்பது ரூபாய்க்குத் தருவானே.”

அதுவும் உண்மைதான். அங்கே இரண்டு காப்பியும் ஒரு சாண்ட்விச்சும் வாங்கும் காசு இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு வார மளிகை. மலிவு என்ற சொல் எல்லை தாண்டியதும் மாறிவிடுகிறது. நான் பதில் சொல்லவில்லை. வளையத்தை எப்படித் திருப்புவது என்று காட்டினேன். திருப்பினார். அலகை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினார்.

அப்பாவின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. 1988இல் கம்பத்தின் மேலே நின்று ஒயரின் உறையைச் சீவும்போது, திருவிழாக் கடையில் வாங்கிய மடக்குக் கத்தி மடங்கி இறங்கியது. அந்த விரலில் இன்றுவரை உணர்ச்சி இல்லை. சட்டைப் பொத்தானை நடுவிரலால்தான் போடுவார். சின்ன வயதில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

“இந்த வளையம் எப்ப வந்துச்சு?”

“1955.”

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. முப்பத்து மூன்று வருடம் என்று நானும் போட்டுவைத்திருந்தேன். ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் தொலைவில், ஒரு தகட்டைப் பிளந்து வளைத்துத் தீர்த்துவிட்ட சிக்கல். அது இங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

“சின்ன விஷயம்தான்” என்றார்.

வளையத்தைத் திருப்பிக் கத்தியை மடக்கினார். எழுந்துபோய்ப் பீரோவில் வைப்பார் என்று பார்த்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.