யூப்ரடீஸ் கரையில் ஓர் இந்திய வாய்க்கால்

நம் ஊர்களிலிருந்து உறவினர் லக்னோவுக்கு வந்தால் நாம் அவர்களை முதலில் அழைத்துச் செல்லும் இடம் பெரிய இமாம்பாரா. நடுவில் தூணின்றி நிற்கும் அதன் மண்டபத்தையும், வந்தவரைத் திகைக்க வைக்கும் மாடிப் பாதைகளையும் காட்டுவோம். 1784-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு நவாப் ஆசப் உத் தௌலா இதைக் கட்டத் தொடங்கினார் என்று சொல்லி முடிப்போம். அதே நவாப் அளித்த பொருளால் கடல் கடந்த தேசமொன்றிலும் ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. அந்த வாய்க்கால் ஒரு பேராற்றின் போக்கையே மாற்றியது. பின்னர், முதல் உலக யுத்தத்தின்போது, நம் நாட்டார் பல்லாயிரவர் அக்கரைகளில் நின்று உழைக்க நேர்ந்தது. இவ்வரலாற்றை நம் சங்க மலரின் வாயிலாக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இன்று இராக் என வழங்கும் மெஸொபொட்டேமியாவில் ஷியா முஸ்லிம்கள் போற்றும் புண்ணியத் தலங்களுள் ஒன்று நஜபு நகரம். அது பாலைவனத்தின் விளிம்பில் மேட்டு நிலத்தில் அமைந்தது. குடிநீருக்கு நெடுங்காலம் வருந்தியது. அக்குறையைப் போக்க ஆசப் உத் தௌலா ஐந்து லட்சம் ரூபாய் அளித்தார். அவர் 1797-இல் காலமானார். வாய்க்கால் 1803-இல் முடிவுற்றது. இந்தியர் பொருளால் அமைந்தமையால் அதற்கு ‘ஹிந்தியா’ என்ற பெயர் நிலைத்தது.

தருமம் தருமமே. ஆயினும் ஆறு தருமத்தைப் பார்த்து ஓடுவதில்லை. பள்ளத்தைப் பார்த்தே ஓடுகிறது. புதிய வாய்க்காலில் இறக்கம் மிகுதியாக இருந்தமையால் யூப்ரடீஸின் நீர் ஆண்டுக்காண்டு அதன் வழியே மிகுதியாகப் பாய்ந்தது. வாய்க்கால் அகன்று ஆறாயிற்று. பழைய ஆறாகிய ஹில்லாக் கிளை மெலிந்து வாய்க்காலாயிற்று. 1880-களில் ஹில்லாவில் தண்ணீர் வற்றலாயிற்று. பண்டைய பாபிலோனை அடுத்த அப்பகுதியில் பேரீச்சந் தோப்புகள் காய்ந்தன. உழவர் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். ஒரு நகரின் தாகத்தைத் தணித்த நீர், மற்றொரு சீமையின் கழனிகளைத் தரிசாக்கியது. கடைமடை என்ற சொல்லின் பொருளறிந்த காவிரிக்கரை மக்களுக்கு இத்துன்பத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

துருக்கி சர்க்கார் 1890-91-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு ஓர் அணை கட்டியது. அது 1903-இல் உடைந்தது. அதன் பின் அழைக்கப்பட்டவர் சர் வில்லியம் வில்காக்ஸ். இவர் 1852-இல் இந்தியாவில் பிறந்து, ரூர்க்கி பொறியியற் கல்லூரியில் பயின்று, எகிப்தில் பெரும்புகழ் பெற்றவர். இவருடைய திட்டத்தின்படி 36 கண்களையுடைய ஹிந்தியாக் கதவணை 1911-இல் தொடங்கி 1913-இல் திறக்கப்பட்டது. கதவுகளை இறக்கினால் மேல்புறம் நீர்மட்டம் உயரும். உயர்ந்த நீர் தலைமதகின் வழியே ஹில்லாக் கிளைக்குள் புகும். இவ்வாறு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பிழை திருத்தப்பட்டது. ஆனால் கிளைவாய்க்கால்களைத் தூர் வாரி, கழனிதோறும் நீர் சேர்க்கும் வேலை எஞ்சி நின்றது. அதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

1914 நவம்பரில் இந்தியாவிலிருந்து சென்ற படை பஸ்ராவைக் கைப்பற்றியது. 1916 ஏப்ரலில் கூத் நகரில் பெருந்தோல்வி கண்ட ஆங்கிலேயர், 1917 மார்ச் 11 அன்று பக்தாதுக்குள் நுழைந்தனர். அந்த யுத்தகளத்திற்கு இந்தியாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 5,88,000 பேர். அவர்களுள் பாதிக்குச் சற்றே குறைந்தவர்கள் ஆயுதம் ஏந்தாத கூலியாட்கள், சுமை தூக்குவோர், வண்டியோட்டிகள், எழுத்தர்கள் போன்றோராவர். மதராஸ் சாப்பர் படையினரும் அங்கே பணியாற்றினர். தண்டவாளமும், இஞ்சினும், வாகன்களும் இங்கிருந்தே கப்பலேறின. இந்தியாவில் சில கிளைப்பாதைகள் கழற்றப்பட்டே அங்கு அனுப்பப்பட்டன. அவற்றை இயக்க நம் இரயில்வேக்களின் ஊழியர்களும் சென்றனர்.

இத்துணை பேருக்கும், அவர்களுடைய குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் உணவு வேண்டுமே! தானியமும் தீவனமும் இந்தியாவிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. 1917-இல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் விளைத்த நாசத்தால் கப்பல்களுக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. பக்தாது மக்களும் பசியால் வாடினர். அங்கேயே விளைவிப்பதன்றி வேறு வழியில்லை என்று இராணுவ நிர்வாகம் கண்டது.

எனவே இராணுவத்தின்கீழ் நீர்ப்பாசனத்திற்கென ஒரு துறை ஏற்பட்டது. பின்வாங்கிய துருக்கியர் உடைத்த சக்லாவியாக் கரை மீண்டும் அடைக்கப்பட்டது. 1917-18 குளிர்காலத்தில் ஹிந்தியாக் கதவணையைச் சூழ்ந்த பகுதி இராணுவத்தின் பொறுப்பில் வந்தது. தூர்ந்த வாய்க்கால்கள் வெட்டித் திருத்தப்பட்டன. விதை தானியமும் ரொக்கமும் உழவருக்கு முன்பணமாக வழங்கப்பட்டன. நம் தாத்தாமார் ‘தக்காவி’ என்றழைத்த சர்க்கார் கடனின் முறையே அது. இந்திய சிவில் சர்வீஸில் பழகிய அதிகாரிகள், இங்குக் கற்ற வருவாய் முறைகளை அங்கும் கொண்டு சென்றனர்.

அந்நாட்டு விவசாயத்தில் ஓர் இடையூறு உண்டு. நமக்கு ஆடிப் பெருக்கு நடவுக்கு முன்னே வந்து உதவுகிறது. யூப்ரடீஸின் பெருக்கோ மலைப்பனி உருகுவதால் ஏப்ரல், மே மாதங்களில், கோதுமையும் பார்லியும் முற்றி நிற்கும் தருணத்தில் வருகிறது. விதைக்கும்போது ஆறு தாழ்ந்திருக்கும். அறுக்கும்போது கரையை உடைக்கும். ஆகவே விதைப்புக் காலத்தில் நீரை உயர்த்தக் கதவணையும், அறுவடைக் காலத்தில் வெள்ளத்தைத் தடுக்கக் கரையும் ஒருங்கே தேவை. இவ்விரண்டையும் யுத்தத்தின் நடுவே கவனித்து, 1918 வசந்தத்தில் இராணுவத்தார் நல்ல அறுவடை கண்டனர். தானியத்தை ஏற்றிவரப் பக்தாதிலிருந்து ஹில்லாவுக்கு இரயில் பாதையும் இடப்பட்டது. இது மெச்சத்தக்க செயலே என்பதில் ஐயமில்லை.

ஆனால் கூட்ஸ் ஷெட்டில் காலந்தள்ளும் நமக்கு எந்தச் சரக்கைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் எழும்: அனுப்புவோர் யார்? பெறுவோர் யார்? கட்டணம் கொடுப்போர் யார்? ஹில்லாவின் கோதுமைக்கும் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். அனுப்பியவர் உழவர், பெற்றவர் பெரும்பாலும் படையினர். கட்டணம் கொடுத்தோர் பலர். வாய்க்கால் வெட்டவும் கரை காக்கவும் குடிகள் ஆள் கொடுக்க வேண்டியிருந்தது. துருக்கியர் காலத்தில் ஏட்டளவில் நின்ற வரி, இப்போது கண்டிப்பாக வசூலாயிற்று. எந்நகரின் தாகம் தணிக்க நம் நவாப் பொருளளித்தாரோ, அந்த நஜபு நகரிலேயே 1918 மார்ச்சில் ஓர் ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டபோது, இராணுவம் ஊரை முற்றுகையிட்டு உணவையும் குடிநீரையும் தடுத்தது.

அதே ஆண்டு நம் நாட்டிலும் பருவமழை பொய்த்தது, விலைவாசி உயர்ந்தது. 1918 செப்டம்பரில் மதராஸ் மாகாணத்தில் பல ஊர்களில் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டன. அதற்குக் காரணங்கள் பல. யுத்தத்திற்காகக் கப்பலும் வாகனும் தானியமும் வெளியே சென்றமையும் அவற்றுள் ஒன்று.

யுத்தம் முடிந்தும் இராணுவ நிர்வாகம் முடியவில்லை. 1920-இல் ஹில்லாக் கிளையின் கீழ்ப்பகுதியிலுள்ள ரும்மைதா என்னும் ஊரில், உழவுக் கடன் பாக்கியைத் திருப்பித் தரவில்லை என்று ஒரு குடித்தலைவர் கைது செய்யப்பட்டார். ஜூன் 30 அன்று அவருடைய குடியினர் புகுந்து அவரை மீட்டுச் சென்றனர். அதிலிருந்து மூண்ட கலகம் யூப்ரடீஸ் கரை முழுதும் பரவியது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. ரும்மைதாவில் முற்றுகையில் அகப்பட்டோருள் இந்தியச் சிப்பாய்களுடன் இந்திய இரயில்வே ஊழியர்களும் இருந்தனர். ஜூலை 20 அன்றுதான் அவர்களுக்கு மீட்சி கிட்டியது. ஆயிரக்கணக்கான அராபியர் மாண்ட அக்கலகத்தை அடக்க அனுப்பப்பட்டோரும் பெரும்பாலும் நம்மவரே. விதைக்கெனக் கொடுத்த முன்பணமே பகைக்கும் விதையாயிற்று. கலகத்திற்குச் சுதந்திர வேட்கை முதலிய பெருங்காரணங்கள் இருந்தன என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் தீப்பொறி விழுந்த இடம் கடைமடை என்பது எண்ணத்தக்கது.

முற்றுகைக்குட்பட்ட அந்த இரயில்வே ஊழியர்களை நினைக்கும்போது நம் மனம் கலங்குகிறது. சம்பளத்திற்காகக் கடல் கடந்து சென்று, ஓலை எழுதியும் கைகாட்டி இறக்கியும் உழைத்த எளியவர்கள் அவர்கள். தாம் யாருக்காக வண்டி விடுகிறோம் என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. எதிரே நின்ற உழவருக்கும் தம் கழனியின் மதகை எப்போது திறப்பது, விளைந்ததில் எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை இல்லை. உரிமையற்ற இரு சாராரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கியது பிறரது ஆட்சி.

நவாப் பக்தியினால் நீர் விட்டார். இராணுவத்தார் தேவையினால் நீர் விட்டனர். இருவருமே கீழ்மடையில் இருப்பவனைக் கேட்கவில்லை. நம் முன்னோர் ஊர்தோறும் குடிமராமத்து என்று வைத்திருந்ததில் மண்வெட்டும் உழைப்பு மட்டுமன்று, ஊரார் ஒன்றுகூடிப் பேசித் தீர்க்கும் வழக்கமும் அடங்கியிருந்தது. அணை கட்டுவதற்குப் பொறியாளர் போதும். அதன் நீரைப் பங்கிடுவதற்கு அந்நீரை நம்பி வாழும் மக்கள் வேண்டும்.

அடுத்த முறை உறவினரை இமாம்பாராவுக்கு அழைத்துச் செல்லும்போது, ஹிந்தியா என்ற பெயரையும் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போம். அந்தப் பெயர் ஓர் இந்தியரின் தருமத்தைச் சொல்கிறது. அக்கரையில் இருபுறமும் நின்று வருந்திய எளியவர்களையும் அது நினைவூட்டட்டும்.