குதிரைமாளிகையும் கூதிர்கால மேய்ச்சலும்

கிழக்கேகோட்டைக்குப் போகிற நம்மவர்கள் குதிரைமாளிகையை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சிக்காலம் 1829–1846) கட்டிய புத்தன் மாளிகைதான் அது. கூரைக்கு அடியில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. மரத்தில் இத்தனை குதிரை கண்ட நாட்டில், உயிருள்ள குதிரை ஏன் பெருகவில்லை?

விடை ஐப்பசி மாதத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் இலையுதிர்காலம் என்றால் வெயில் தணிந்து புல் மறுபடி துளிர்க்கும்; குதிரைகளை வெளியே மேயவிடுவார்கள். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். இங்கே மலையாளிகள் துலாவர்ஷம் என்பார்கள். மத்தியானம் தாண்டினால் இடியும் மழையும்தான். புல் என்னவோ பச்சைப்பசேலென்று இருக்கும். ஆனால் அதில் சத்தைவிட நீர் அதிகம். சேற்றில் நின்றால் குளம்பு ஊறி அழுகும். ஈரப் புல்லோடு புழுவும் வயிற்றுக்குள் போகும். ஆகவே குதிரையை லாயத்தில் கட்டி, உலர்ந்த புல்லும் கொள்ளும் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். நாஞ்சில் நாட்டில் காணம், மலையாளத்தில் முதிர என்பது இந்தக் கொள்ளுதான்.

மேய்த்துப் பெருக்க முடியாததால் குதிரையை விலைக்கு வாங்கினார்கள். கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மலைமண்டலம் என்றால் இந்தக் கேரளம்தான்! 1290களில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ சொல்வதைக் கேளுங்கள்: அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை. சோற்றையும் இறைச்சியையும் தீனியாகப் போட்டார்களாம். நல்ல ஜாதிக் குதிரைகளைச் சேர்த்தாலும் கோணல் கால் குட்டிதான் பிறந்ததாம். அதைவிடக் கொடுமை, குதிரை விற்ற வியாபாரிகள் லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவர்களை இங்கே வரவிடவே இல்லை என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்!

மேட்டுநிலமும் முறையான பராமரிப்பும் சேர்ந்த இடத்தில் நிலைமை வேறு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ல் இராணுவக் குதிரை வளர்ப்புக்காகவே பண்ணை ஏற்பட்டது. திருவனந்தபுரத்திலும் குதிரை இல்லாமல் போய்விடவில்லை. ஐப்பசி ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது குதிரைப் போலீசாரும் உடன் போகிறார்கள். மேய்ச்சலுக்கு ஆகாத அதே மாதத்தில் அந்தக் குதிரைகள் நடப்பது, லாயத்தில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதால்தான்.

குதிரையைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, அதைக் காக்கும் கைப்பக்குவமும் கூட வரவேண்டும். வெளிமாநிலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, எழுத்தைக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிடுகிற நாம் யோசிக்க வேண்டிய சங்கதி இது.