எண்ணெயை மிதித்தால் எஞ்சின் அணைகிறதா? பழைய காரில் கோளாறைத் தேடுவது எப்படி

நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சின் சீராக ஓடுகிறது. தாமானுக்குள் மெதுவாக ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் நெடுஞ்சாலையில் லோரியை முந்த எண்ணெயை அழுத்தி மிதித்தவுடன் கார் இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு அணைந்துவிடுகிறது. ஓரமாக நிறுத்தி, சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

பழைய புரோட்டோன் வீரா, சாகா, பெரோடுவா கஞ்சில் வைத்திருப்போர் பலருக்கு இது தெரிந்த கதைதான். லோரி, டாக்சிகளைப் போல் தனியார் கார்களுக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. ஆகவே இந்தக் கோளாறை யாரும் வந்து பிடித்துக் கொடுக்கப் போவதில்லை. உரிமையாளர்தான் கவனிக்க வேண்டும்.

மிதிக்கும்போது மட்டும் ஏன்?

எஞ்சின் சும்மா ஓடும்போது அதற்குத் தேவை மிகக் குறைவு. எண்ணெயை மிதித்ததும் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒன்று, பெட்ரோல் பல மடங்கு அதிகமாகத் தேவைப்படுகிறது. இன்னொன்று, சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். பாதி அடைத்த ஃபில்டரும், களைத்துப் போன கோயிலும் வீட்டு வாசலில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் கைவிடுவது இதனால்தான்.

முதல் சாட்சி, ஆர்பிஎம் முள்

கார் எப்படி அணைகிறது என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. மூச்சு வாங்குவதுபோல் இழுத்து இழுத்து, சக்தி குறைந்து, காலை எடுத்தால் கொஞ்சம் தெளிந்துவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் பெட்ரோல் மீது. சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால், மின்சாரப் பக்கம் பார்க்கலாம். குறிப்பாக, மெனுவல் கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இக்னிஷன் மின்சாரமோ கிராங்க் சென்சாரின் சமிக்ஞையோ துண்டிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை முள்ளுக்குச் சொல்ல ஆள் இல்லை. பழைய மிட்சுபிஷி வகை எஞ்சின்கள் சிலவற்றில் இந்த சென்சார் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும். சூடேறினால் மட்டும் படுத்துவது அதன் குணம்.

எஞ்சின் சூடாக இருந்ததா, டாங்கியில் எவ்வளவு எண்ணெய், ஏற்றமா சமதளமா, மழையா என்பதையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். போமனிடம் “காடி சாகுது அண்ணே” என்று மட்டும் சொல்வதைவிட இது நூறு மடங்கு உதவும்.

பெட்ரோல் பக்கம்

செலவில்லாத சோதனை ஒன்று: கார் அணைந்ததும் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று பலமாக உள்ளே இழுக்கப்பட்டு, அதன் பிறகு கார் நன்றாக ஓடினால், டாங்கிக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கலாம். லேசான சத்தம் வருவது சகஜம், பயப்பட வேண்டாம்.

அடுத்தது ஃபில்டர். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவே இல்லையென்றால், மாற்றிவிடுவது நல்லது. அதன் பிறகும் தொல்லை இருந்தால் பம்ப், டாங்கிக்குள் இருக்கும் அதன் வலை, பிரஷர் ரெகுலேட்டர் என்று போக வேண்டும். இங்கே ஊகம் வேண்டாம், பிரஷர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிட்சுபிஷி வகை எம்பிஐ எஞ்சின்களில் சும்மா ஓடும்போது சுமார் 2.6 பார் காட்டும். ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றினால் சுமார் 3.3 பாருக்கு ஏறும். மிதிக்கும்போது அழுத்தம் ஏற வேண்டும். அப்போது இறங்கினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பட்டறையில் நிறுத்தி வைத்து மட்டும் பார்த்தால் பல நேரம் எல்லாம் சரியாகவே தெரியும். சாலையில் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

பத்து வெள்ளி பத்து வெள்ளியாக எண்ணெய் அடிக்கும் பழக்கமும் இதில் சேரும். டாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். எண்ணெய் குறைவாக இருந்தால் ஏற்றத்திலும் வளைவிலும் பம்ப் காற்றை உறிஞ்சும்.

தீப்பொறிப் பக்கம்

பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் ஆகியவை தேயும் பொருட்கள். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றால் கோயிலுக்குப் பாரம் கூடும். இருட்டான இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்கள் மீது லேசாகத் தண்ணீர் தெளித்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும். ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் தொடவோ பிடுங்கவோ வேண்டாம். அது பல ஆயிரம் வோல்ட்.

மற்ற சந்தேகங்கள்

பலர் மறந்துவிடும் ஒன்று எஞ்சின் மௌண்டிங். அது கிழிந்திருந்தால், மிதிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து, தளர்ந்த எர்த் வயரையோ சென்சார் இணைப்பையோ இழுத்துவிடும். கார்பரேட்டர் கோளாறு என்று மாதக்கணக்கில் துரத்தப்பட்டு, கடைசியில் ஒரு வயரில் போய் முடியும் கதைகள் இப்படித்தான் உருவாகின்றன.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருந்தால், புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் மூச்சடைத்துப் போகும். திராட்டல் சென்சார் தேய்ந்தாலும், காற்றுக் குழாய் கிழிந்தாலும் மிதிக்கும்போது தடுமாறும்.

ஸ்கேனர் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்ப வேண்டாம். 1990களின் கார்கள் பலவற்றில் இப்போதைய பொதுவான ஸ்கேனர் வேலை செய்யாது. பலவீனமான பம்ப் எந்தக் குறியீட்டையும் காட்டாமலே இருக்கலாம். சோதிக்காமல் “பம்ப் மாத்துங்க, கோயில் மாத்துங்க” என்று வரிசையாகச் சொல்லும் பட்டறையில், என்ன அளந்து பார்த்தார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம்.

ஓடும்போதே அணைந்தால்

சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக்கில் ஓரிரு மிதிக்குத்தான் உதவிச் சக்தி மிஞ்சியிருக்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தியபடி அவசரத் தடத்துக்கு ஒதுங்குங்கள். பிறகு காருக்குள் உட்கார்ந்திருக்காமல், அனைவரும் சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொள்ளுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் இருந்தால் பிளஸ்லைன் 1800-88-0000 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.