சுகமாகிவிட்டது என்று யார் சொல்வது?

என் பெரியம்மாவுக்கு பன்னிரண்டு வருடமாக சீனி வருத்தம். திருகோணமலை உள்துறைமுகத்தை அண்டிய ஒரு ஒழுங்கையில் அவருடைய வீடு. கிளினிக் கொப்பியை பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருப்பார். மாதம் ஒருமுறை விடியப்புறமே போய், இலக்கம் எடுத்து, வரிசையில் இருந்து குளுசை வாங்கி வருவார்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் அயலவர்களுடன் சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போனார். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் தலையில் கைவைத்து ஜெபித்தார். நீண்ட நாட்களாக இரவில் பெரியம்மாவைத் தூங்கவிடாத கால் எரிச்சல் அடுத்த கிழமைகளில் இல்லாமல் போனது. மறு கூட்டத்தில் மேடையேறி சாட்சி சொன்னார். 'சுகத்தைப் பெற்றுக்கொண்டவர் இனியும் குளுசை போட்டால் அது அவிசுவாசம்' என்று அங்கே சொல்லப்பட்டது. கொப்பி அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, காலில் ஆணி குத்தியதே தெரியாமல் அவர் இரண்டு நாட்கள் நடந்திருக்கிறார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

கிறிஸ்தவ விசுவாசிகள் இன்றும் அற்புதங்களையும் சுகமளித்தலையும் செய்ய முடியுமா என்ற கேள்வி அந்த வாட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உண்மையான கேள்வியாகியது. அதன் பிறகு வாசித்தவற்றையும், மதகுருமார், போதகர்கள், வைத்தியர்களிடம் கேட்டவற்றையும் இங்கே தொகுக்கிறேன்.

வேதாகமத்தில் இருப்பது

சுகமளித்தலை நம்புகிறவர்களுக்கு வேதாகமத்தில் வலுவான ஆதாரம் உண்டு. இயேசு செய்த செயல்களையும் அவற்றிலும் பெரியவற்றையும் அவரை விசுவாசிப்பவர்கள் செய்வார்கள் என்று யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரம் கூறுகிறது. சபையின் மூப்பர்கள் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்கிறது யாக்கோபின் நிருபம். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் பவுல், குணமாக்கும் வரங்களை ஆவியின் வரங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். ஆனால் அதே அதிகாரத்தின் முடிவில், எல்லாருக்குமா அந்த வரம் இருக்கிறது என்று அவரே கேட்கிறார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அது.

மேடைகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது மாற்கு நற்செய்தியின் கடைசிப் பகுதி. விசுவாசிகள் நோயாளிகள்மேல் கைவைத்தால் அவர்கள் சொஸ்தமாவார்கள் என்று சொல்லும் அந்த வசனங்கள், நம்மிடம் உள்ள மிகப் பழைய முழுமையான கிரேக்கப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் இல்லை. இது கிறிஸ்தவ அறிஞர்களே ஏற்றுக்கொண்ட விடயம்.

மேடைகளில் குறைவாகப் பேசப்படும் பக்கங்களும் உண்டு. பவுல் தன் உடலில் இருந்த 'முள்' நீங்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. துரோப்பீமு என்ற உடன் ஊழியரை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக ஒரு நிருபம் சொல்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை கொஞ்சம் திராட்சை ரசம். பவுலுடன் இருந்த லூக்கா ஒரு வைத்தியர். இவர்களில் எவரையும் விசுவாசக் குறைவுள்ளவர் என்று வேதாகமம் குற்றம் சாட்டவில்லை.

நின்றுவிட்டதா, தொடர்கிறதா?

இதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அற்புத வரங்கள் அப்போஸ்தலர்களின் செய்தியை உறுதிப்படுத்தக் கொடுக்கப்பட்டவை, அவர்களது காலத்துடன் முடிந்துவிட்டன என்பது ஒரு தரப்பு. அமெரிக்க இறையியலாளர் பி. பி. வார்பீல்ட் 1918இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக வாதிட்டார். கடவுள் இன்றும் குணமாக்கலாம், ஆனால் அந்த ஆற்றல் ஒரு தனி மனிதரின் கையில் இல்லை என்பது இவர்களின் நிலைப்பாடு. பெந்தெகொஸ்தே சபைகளும் கரிஸ்மாட்டிக் இயக்கங்களும், வரங்கள் தொடர்கின்றன என்று போதிக்கின்றன.

புனித அகுஸ்தீனார் இரண்டு பக்கமும் நின்றவர். தொடக்க கால நூலொன்றில் பழைய அற்புதங்கள் தம் காலத்தில் தொடரவில்லை என்று எழுதியவர், முதுமையில் எழுதிய 'கடவுளின் நகரம்' நூலின் 22ஆம் பாகத்தில் தமது ஊரைச் சுற்றி நடந்த குணமாதல்களை வரிசையாகப் பதிவு செய்தார்.

நம் நாட்டுக்கு வந்த வழி

இலங்கையில் பெந்தெகொஸ்தே இயக்கம் 1920களில் வேரூன்றியது. டென்மார்க்கிலிருந்து வந்த முன்னாள் நாடக நடிகை அன்னா லெவினி, ஆங்கிலேயரான வால்டர் கிளிபோர்ட் ஆகியோர் கொழும்பில் ஊழியம் செய்தனர். அதே காலத்தில் கேரளத்தில் ராமன்குட்டியாகப் பிறந்து இலங்கையில் கிறிஸ்தவரான பாஸ்டர் பால், சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். இங்கிருந்து தமிழகத்துக்கும் உலகின் பல நாடுகளுக்கும் பரவிய இயக்கம் அது. மருந்தில்லாத 'தெய்வீக சுகம்' அதன் முக்கிய போதனைகளில் ஒன்று. மருந்தையும் விசுவாசத்தையும் எதிரெதிரே நிறுத்தும் பேச்சு நம் மேடைகளுக்குப் புதிதல்ல என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

எல்லாச் சுகமளிக்கும் ஊழியர்களும் அப்படி இருக்கவில்லை. தமிழர்கள் மத்தியில் மிகவும் அறியப்பட்ட டி. ஜி. எஸ். தினகரன் லட்சக்கணக்கானோருக்காக ஜெபித்தவர். தாமே நெடுங்காலம் நோயுடன் போராடி, மருத்துவ சிகிச்சையும் பெற்று, 2008 பெப்ரவரியில் காலமானார்.

கத்தோலிக்கரிடம் வேறு மரபு. மடு அன்னையின் திருத்தல மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை தலைமுறைகளாக இருக்கிறது. மதம் கடந்து வீடுகளில் அந்த மண்ணை வைத்திருப்பார்கள்.

சரிபார்ப்பவர் யார்?

நகரை அடுத்த பாலையூற்றில் லூர்து அன்னையின் ஆலயம் இருக்கிறது. சிறுவயதில் பெரியம்மாதான் என்னை அங்கே கூட்டிப் போவார். அந்தப் பெயருக்குரிய பிரான்சின் லூர்து நகரில் ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

1858இல் காட்சிகள் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் லூர்தில், 1883இல் அந்த அலுவலகம் நிறுவப்பட்டது. குணமானதாகச் சொல்பவர் அங்கே தன் வைத்திய அறிக்கைகளுடன் வர வேண்டும். நோய் கடுமையானதாக, முன்னரே உறுதிசெய்யப்பட்டதாக இருக்க வேண்டும். குணம் திடீரென, முழுமையாக, நிலைத்ததாக இருக்க வேண்டும். எடுத்த சிகிச்சையால் அதை விளக்க முடியாதிருக்க வேண்டும். வருடக்கணக்கில் வைத்தியர்கள் ஆராய்ந்த பிறகே ஆயர் முடிவெடுப்பார். இதுவரை 7,000க்கும் அதிகமான குணமாதல்கள் அங்கே பதியப்பட்டுள்ளன. 2025 வரை அற்புதமாக ஏற்கப்பட்டவை 72. அற்புதத்தை நம்பும் திருச்சபையே நூற்றுக்கு ஒன்றைத்தான் ஏற்கிறது.

இலங்கையின் அப்போஸ்தலர் எனப்படும் யோசேப் வாஸ் அடிகளார் 1995இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோது, கோவாவில் ஆபத்தான நிலையில் இருந்த ஒரு கர்ப்பிணி தொடர்பான அற்புதம் ஆராய்ந்து ஏற்கப்பட்டது. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோதோ, வழக்கமான இரண்டாவது அற்புதத்தைக் கேட்கவில்லை. அவருடைய வாழ்க்கையே போதும் என்று கருதப்பட்டது. அந்த வாழ்க்கையில் 1697இல் கண்டியில் பரவிய பெரியம்மையும் அடங்கும். உறவினர்களே கைவிட்ட நோயாளிகளை அவர் தேடிப்போய்க் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்.

சுகமளிக்கும் வழிபாடுகள் குறித்து 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் வத்திக்கான் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. கூட்டத்தை வெறிகொள்ளச் செய்வது, நாடகத்தன்மை, பரபரப்பூட்டல் ஆகியவற்றுக்கு இடமளிக்கக் கூடாது என்பது அதில் உள்ள கட்டளை.

ஆய்வு சொன்னது

ஜெபத்தின் பலனை அளக்க நடந்த ஆய்வுகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று 2006இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தமக்காக ஜெபிக்கப்படுகிறதா இல்லையா என்று தெரியாத இரு குழுக்களில், ஜெபம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த குழுவிலோ 59 சதவீதமானோருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. மற்ற இரு குழுக்களையும் விட இது அதிகம். கடவுளை ஆய்வுகூடத்தில் சோதிக்க முடியாது என்று விசுவாசிகள் சொல்லலாம். அது நியாயமான பதில். ஆனால் அப்படிச் சொல்பவர், மேடையில் 'நிரூபணம்' காட்டவும் முடியாது.

அப்படியானால் மேடையில் எழுந்து நடப்பவர்கள் பொய் சொல்கிறார்களா? பெரும்பாலானோர் இல்லை. வலியும் களைப்பும் மனநிலையோடு ஏறி இறங்குபவை. மூட்டு வாதம் போன்ற நோய்கள் தாமாகக் குறைந்து மீண்டும் கூடும். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் ஜெபத்தைத் தேடிப் போகிறார். அதன் பிறகு வரும் இறக்கம் ஜெபத்தின் கணக்கில் சேர்கிறது. நச்சுப்பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் நஞ்சு ஏறுவதில்லை. மண் பூசிப் பிழைத்தவரின் கதை ஊரெல்லாம் பரவும். பிழைக்காதவர் சாட்சி சொல்ல வரமாட்டார்.

பெரியம்மாவின் கால் எரிச்சலைப் பற்றி வைத்தியர் ஒருவர் எனக்கு விளக்கியது இன்றும் மனதைவிட்டுப் போகவில்லை. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்படும்போது முதலில் எரியும். பாதிப்பு முற்றும்போது சிலருக்கு எரிச்சல் அடங்கும், ஏனென்றால் உணர்வே போய்விடுகிறது. சுகம் என்று அவர் மேடையில் சொன்னது நோய் முற்றியதன் அறிகுறியாக இருந்திருக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை அதை அன்றே சொல்லியிருக்கும். யாரும் அதைக் கேட்கவில்லை.

மருந்தும் ஊழியம்தான்

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இன்னொரு வகைச் சுகமளித்தலும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். தமிழ் கற்று, உடற்கூற்றியல், சத்திரவைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். அவரை அனுப்பியதும் அதே விசுவாசம்தான்.

எங்கள் பகுதியில் சிறிய சபையொன்றை நடத்தும் போதகரிடம் பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். அவரும் நோயாளிகளுக்காக ஜெபிப்பவர். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஜெபிக்கிறது என்ர வேலை, தங்கச்சி. குளுசையை நிப்பாட்டுறதோ விடுறதோ டொக்டரின்ர வேலை. அதையும் நானே செய்தால், நான் கடவுளின்ர இடத்தில இருக்கிறன் எண்டு அர்த்தம்."

அற்புதம் நடக்குமா என்பதை ஒரு கட்டுரையால் தீர்க்க முடியாது. தீர்க்கக்கூடியது வேறொன்று. சுகமளிப்பதாகச் சொல்லும் ஒருவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? குணமானதாகச் சொல்பவரை மீண்டும் பரிசோதனைக்கு அனுப்புகிறாரா? குணமாகாதவரின் விசுவாசத்தைக் குற்றம் சாட்டுகிறாரா? ஜெபத்துக்குப் பணம் எதிர்பார்க்கிறாரா? நற்செய்தியில் இயேசு, குணமான குஷ்டரோகியை ஆசாரியரிடம் போய்க் காட்டும்படி அனுப்புகிறார். அந்தக் காலத்தில் அவரைப் பரிசோதித்துச் சுத்தமானவர் என்று சொல்ல வேண்டியவர் ஆசாரியர்தான். சரிபார்ப்பதை இயேசு தடுக்கவில்லை, அதற்காகவே அனுப்பினார்.

பெரியம்மா இப்போதும் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார், ஆனால் அந்த ஊழியரின் கூட்டத்துக்கு அல்ல. வைத்தியசாலையில் இருந்த நாட்களில் முறைவைத்து இரவில் கூட இருந்து, கஞ்சி கொண்டுவந்தவர்கள் எங்கள் தெருவின் ஜெபக்குழுப் பெண்கள்தான். அவர்களைப் பற்றிப் பேசும்போது, "அதுதான் பிள்ளை எனக்குக் கிடைச்ச அற்புதம்" என்பார்.

அலுமாரிக்குள் இருந்த கிளினிக் கொப்பி இப்போது மேசையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் தினமும் எடுத்துப் பார்க்கிறார்.