எத்தியோப்பியாவில் வெளிநாட்டவர் தத்தெடுப்பு: ஒற்றைப் பயணம் முதல் முழுத் தடை வரை

எத்தியோப்பியாவில் பிறர் குழந்தையைத் தம் குழந்தையாக ஏற்கும் வழக்கம் வெளிநாட்டவர் வருகைக்கு நெடுங்காலம் முந்தையது. ஓரோமோ மக்களிடையே ‘குடிஃபாச்சா’ எனப்படும் முறையில், தத்துப்பிள்ளை புதிய குடும்பத்தில் வாரிசுரிமை உட்பட எல்லா உரிமைகளையும் பெறுகிறது. ஈன்ற குடும்பத்துடனான உறவை மறைக்கவோ அறுக்கவோ தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட குடும்பச் சட்டமும், தத்துப்பிள்ளை பிறந்த குடும்பத்துடனான பிணைப்பைத் தக்கவைத்துக்கொள்ளும் என்றும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலை வந்தால் தத்தெடுத்த குடும்பமே முதன்மை பெறும் என்றும் வகுத்தது. அமெரிக்கச் சட்டத்திலோ தத்தெடுப்பு நிறைவேறியதும் ஈன்றோரின் சட்ட உறவு பொதுவாக முற்றாக நீங்கிவிடும். பின்னாளில் எழுந்த சிக்கல்களுள் பலவற்றுக்கு இந்த முரணே அடிப்படை.

எய்ட்ஸ் நோயும் வறுமையும் எத்தியோப்பியாவில் பல இலட்சம் குழந்தைகளைப் பெற்றோரற்றவர்களாக்கின. ஆனால் யூனிசெஃப் கணக்கில் தாய் தந்தையருள் ஒருவரை இழந்த குழந்தையும் ‘அநாதை’யாகவே எண்ணப்படும் என்பதை மேலைநாடுகளின் இரக்கப் பரப்புரை பெரும்பாலும் சொல்லாமல் விட்டது. 2005இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி எத்தியோப்பியாவிலிருந்து பெண்குழந்தை ஒன்றைத் தத்தெடுத்தார். 2007இல் சீனா வெளிநாட்டவர் தத்தெடுப்புக்கான விதிகளை இறுக்கியது. அதே ஆண்டின் இறுதியில் குவாத்தமாலா புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. இதனால் தத்தெடுப்பு முகமைகளின் பார்வை எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் பக்கம் திரும்பியது. 2005இல் அமெரிக்கர் தத்தெடுத்த எத்தியோப்பியக் குழந்தைகள் ஏறத்தாழ 440 பேர். 2010இல் சுமார் 2,500 பேர். அவ்வாண்டு சீனாவுக்கு அடுத்த இடம் எத்தியோப்பியாவுக்கே கிடைத்தது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை நெறிப்படுத்தும் 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் அந்நாடு சேராதிருந்ததால், நடைமுறையின் பெரும்பகுதி முகமைகளின் கையில் இருந்தது.

தொடக்கத்தில் தத்தெடுப்போருக்கு ஒரு பயணமே போதுமானதாக இருந்தது. ‘கெபெலே’ எனப்படும் உள்ளூர் நிர்வாக அலகு, குழந்தை அநாதை என்றோ பெற்றோரால் ஒப்படைக்கப்பட்டது என்றோ சான்றளிக்கும்; முகமையின் உள்ளூர்ப் பேராளர் கூட்டாட்சி முதல்நிலை நீதிமன்றத்தில் தோன்றித் தீர்ப்பைப் பெறுவார்; தத்தெடுப்போர் அதற்குப் பின்னர் வந்து, தூதரகத்தில் விசா பெற்றுக் குழந்தையுடன் திரும்புவர். தாம் நேரில் பார்த்திராத குழந்தைக்குச் சட்டப்படி பெற்றோராகிவிடும் இவ்விந்தையை 2010 மே மாத விதி மாற்றம் முடிவுக்குக் கொண்டுவந்தது. தத்தெடுப்போர் நீதிமன்ற விசாரணைக்கு நேரில் வரவேண்டும் என அது கட்டளையிட்டதால், விசாரணைக்கு ஒன்றும் விசாவுக்கு மற்றொன்றுமாகப் பயணம் இரண்டாயிற்று. மழைக்காலத்தில் நீதிமன்றங்கள் விடுமுறையில் மூடப்படுவது காத்திருப்பை மேலும் நீட்டியது. எனினும் இது நல்ல மாற்றமே என மதிப்பிடலாம். ஒப்படைப்பு உண்மையான சம்மதத்துடன் நடந்ததா என்ற ஐயம் வலுத்துவந்த காலத்தில், குழந்தையை நேரில் காணாமலே தத்தெடுக்கும் நிலையை அது ஒழித்தது.

2011 மார்ச்சில், நாளொன்றுக்கு ஐம்பது வரை பரிசீலிக்கப்பட்ட விண்ணப்பங்களை ஐந்தாகக் குறைப்பதாக மகளிர், சிறார், இளைஞர் விவகார அமைச்சகம் அறிவித்தது. எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி அதே ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உயிரிழந்தாள். அவள் சாவு தொடர்பான வழக்கில் தத்துப் பெற்றோர் 2013இல் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே குழந்தையின் குடியேற்றத் தகுதியை ஆராயும் முறையை அமெரிக்கா 2013 செப்டம்பரில் புகுத்தியது. 2014இல் முகமை ஒன்றைச் சேர்ந்தவர்கள் போலி ஆவணங்கள் தொடர்பான வழக்கில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். டென்மார்க் 2016இல் எத்தியோப்பியத் தத்தெடுப்பை நிறுத்தியது. எத்தியோப்பிய அரசு 2017 ஏப்ரலில் தத்தெடுப்புகளை இடைநிறுத்தியது. 2018 சனவரியில் நாடாளுமன்றம் வெளிநாட்டவர் தத்தெடுப்பை அறவே தடைசெய்தது.

இவ்வரிசையில் வந்த விதிகள் ஆவணங்களையும் தத்தெடுப்போரையும் சோதித்தன. தத்தெடுப்பு உறவை முறிப்பதா நீட்டிப்பதா என்ற கேள்வியை அவற்றுள் எதுவும் தீர்க்கவில்லை. மகன் படித்துத் திரும்புவான், மடல் வரும் என்று நம்பி ஒப்படைத்த ஈன்றோருக்குக் கைகொடுக்க எஞ்சியிருந்தது, தத்தெடுத்தோர் குழந்தையின் நிலை குறித்து எத்தியோப்பிய அரசுக்கு அனுப்பவேண்டிய அறிக்கை ஒன்றே. அமெரிக்காவுக்கு மட்டும் 15,000க்கு மேற்பட்ட குழந்தைகள் சென்றுள்ளனர். குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை ஆண்டுதோறும் அவ்வறிக்கையை அனுப்பும் கடமை தடைக்குப் பின்னரும் நீங்கவில்லை.