பிராங்பேர்ட் குசினியும் எங்கடை குசினியும்

வருஷம் பிறக்கப்போகுதென்றால் வீட்டைக் கழுவித் துடைத்து, கொஞ்சமாவது புதுசாக்கிப் பார்க்கிற வழக்கம் எங்களிட்டை இன்னும் இருக்கிறது. இப்ப ஜேர்மனியில் வீடு வாங்குகிற எங்கடை பிள்ளைகள் பலர் முதலில் செய்வது, குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவிலுள்ள சுவரை இடிப்பதுதான். கேட்டால் 'திறந்த குசினி' என்கிறார்கள். அது சரி, அந்தச் சுவர் முதலில் ஏன் எழும்பியது?

முதலாம் உலகப்போருக்குப் பிறகு ஜேர்மன் நகரங்களில் வீடுகளுக்குப் பெரிய தட்டுப்பாடு. ஏழைத் தொழிலாளர் பலர் சமைத்ததும், சாப்பிட்டதும், படுத்ததும் ஒரே அறைக்குள்தான். 1925 இல் பிராங்பேர்ட் நகரசபை ஏர்ன்ஸ்ட் மை என்ற கட்டிடக்கலைஞரிடம் புதுக் குடியிருப்புகள் கட்டும் பொறுப்பைக் கொடுத்தது. அடுத்த வருடம் அவருடைய குழுவில் சேர்ந்தவர், வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி. அப்போது அவருக்கு 30 வயதுகூட இல்லை.

ரயில்களின் உணவுப் பெட்டியில் குறுகிய இடத்துக்குள் எத்தனையோ பேருக்குச் சமைக்கிறார்களே, அதை அவர் மாதிரியாக எடுத்தார். ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை தரம் குனிந்து நிமிர்கிறாள் என்று கணக்குப் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் 'பிராங்பேர்ட் குசினி': அகலம் ஏறத்தாழ 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். இருந்தபடி வேலை செய்யச் சுழலும் ஸ்டூல், சுவரோடு மடித்து வைக்கிற இஸ்திரிப் பலகை. அரிசி, சீனி போடப் பிடி வைத்த அலுமினியப் பெட்டிகள். அப்படியே இழுத்துச் சட்டிக்குள் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு அண்டாதாம். ஈ மொய்க்காது என்று நம்பி அலுமாரிகளுக்கு நீலம் பூசினார்கள். (எங்கடை ஈக்கள் நிறம் பார்ப்பதில்லை!) இப்படிச் சுமார் 10,000 குசினிகள். இன்று நாங்கள் கடையில் அளவு கொடுத்து வாங்குகிற வரிசை அலுமாரிக் குசினிக்கு இதுதான் பாட்டி.

ஆனால் பாருங்கோ, அதற்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம். அடுத்த அறையில் விளையாடும் பிள்ளையைப் பார்க்க இழுவைக் கதவு வைத்திருந்தது உண்மை. என்றாலும் பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது இந்தக் குசினி என்று 1970களில் பெண்ணிலைவாதிகள் கண்டித்தார்கள்.

இரண்டு பக்கமும் எனக்கு விளங்குகிறது. ஹைமில் இருந்த காலத்தில் எத்தனையோ குடும்பத்துக்கு ஒரே அடுப்பு; முறை வைத்துத்தான் சமைத்தோம். முதல் வீடு கிடைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சமைத்த அன்று பெரிய நிம்மதி. ஒரு மாதம் போக, அந்தக் குசினிக்குள் கதைக்க ஆளில்லை. ஊரில் மாமி தேங்காய் திருவ, மச்சாள் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பா. ஊர்ப்புதினம் முழுக்க அங்கேதான் வந்து சேரும். அவர் மிச்சப்படுத்தித் தந்த நடை பெரிய உதவிதான். அந்தக் கதைக்கு மட்டும் அவருடைய கணக்கில் இடமில்லை.

அவரும் நாடு நாடாக அலைந்தவர்தான். 1930 இல் சோவியத் நாட்டுக்கும், 1938 இல் இஸ்தான்புல்லுக்கும் போனார். ஹிட்லருக்கு எதிரான இரகசிய வேலைக்காக வியன்னா திரும்பியவர், 1941 இல் பிடிபட்டார். 15 வருடச் சிறைத் தீர்ப்பு. 1945 இல் போர் முடியும்போது விடுதலை. 2000 ஆம் ஆண்டு, 103 வயதுக்குச் சில நாட்கள் இருக்கும்போது காலமானார்.

பிராங்பேர்ட்டில் றோமர்ஸ்டட் குடியிருப்பிலுள்ள ஏர்ன்ஸ்ட் மை இல்லத்தில் அந்தக் குசினியைப் பார்க்கலாம். மகளோடு போயிருந்தேன். "இதுக்குள்ளை மீன் பொரிச்சா என்ன செய்யிறது அம்மா?" என்று கேட்டாள். சுவர் இடித்த அவளுடைய வீட்டில் இப்ப மீன் பொரிப்பது பல்கனியில்.