வெள்ளையில் தொடங்கிய வரலாறு: சூரிய ஒளியில் நீரைப் பிரிக்கும் மின்முனைகள்

திருப்பூரின் பிரிண்டிங் பட்டறைகளில் பனியன் துணி மீது வெள்ளை எழுத்துப் பதிக்கும் பசையில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைட் அதன் மூலக் கனிமங்களுள் ஒன்று. சூரிய ஒளியால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெறும் ஆய்வும் இந்த வெள்ளைப் பொருளில்தான் தொடங்கியது.

1967இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அகிரா புஜிஷிமா, நீரில் மூழ்கிய டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தின் மீது ஒளி பட்டதும் குமிழிகள் எழக் கண்டார். படிகத்தில் ஆக்சிஜன் வந்தது. கம்பியால் இணைத்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் வந்தது. ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவுடன் அவர் எழுதிய கட்டுரை 1972இல் நேச்சர் இதழில் வெளியானது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்ததால் உலகின் கவனம் இதன்மேல் திரும்பியது.

சிக்கல் அந்த வெள்ளையில்தான் இருந்தது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை உட்கவராமல் திருப்பி அனுப்புவதால்தான் ஒரு பொருள் வெள்ளையாகத் தெரிகிறது. நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். ஆனால் இப்பொருளின் ஆற்றல் இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாது. எனவே புறஊதாக் கதிர் மட்டுமே பயன்படும். வெயிலில் அது ஏறத்தாழ 5 சதவீதம்தான். திருப்பூருக்கும் இது தொடர்புடைய செய்தியே. சாயக்கழிவு நீரின் நிறத்தைச் சிதைக்க இதே பொருளைப் பயன்படுத்தலாம் எனப் பல ஆய்வுகள் காட்டின. புறஊதாப் பற்றாக்குறை அங்கும் தடையானது. சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பின், சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச் சவ்வூடு பரவலையும் ஆவியாக்கிகளையுமே நம்பின.

ஆகவே நிறமுள்ள குறைக்கடத்திகளைத் தேடினர். மஞ்சள் நிறக் காட்மியம் சல்பைடு ஒளியை நன்கு உட்கவர்ந்தது. ஆனால் அதே ஒளியில் தானே அரிந்து கரைந்தது. சாயக்காரர் மொழியில் சொன்னால், நிறம் ஏறியது, நிற்கவில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் காட்மியம் சேர்மப் படலங்கள் ஆராயப்பட்டன.

அடுத்தது செங்காவிக்கு நிறம் தரும் ஹீமடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. இடைவெளி சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட், மலிவு, காரக் கரைசலிலும் தாங்கும். ஆனால் ஒளி உண்டாக்கும் நேர்மின் துளைகள் சில நானோமீட்டர் நகர்வதற்குள் அழிந்துவிடுகின்றன. ஒளியைப் பிடிக்கத் தடித்த படலம் வேண்டும். துளைகள் நீரை எட்ட மெல்லிய படலம் வேண்டும். 2006இல் சுவிட்சர்லாந்தில் மைக்கேல் கிராட்செல் குழுவினர், சிலிக்கான் கலந்த ஹீமடைட்டைக் காலிஃபிளவர் போன்ற நுண்புடைப்புகளாக வளர்த்து இம்முரணைத் தணித்தனர். எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுவே: பொருளை மாற்றாமல் வடிவத்தை மாற்றினார்கள்.

1998இல் அமெரிக்காவில் காசெலெவ், டர்னர் இருவரும் காலியம் சேர்மங்களால் 12.4 சதவீதத் திறன் காட்டினர். விலையோ அதிகம், நீரில் நெடுநாள் தாங்கவுமில்லை. 2021இல் ஜப்பானின் டொமென் குழுவினர் 100 சதுர மீட்டர் பரப்பில் ஒளிவினையூக்கிப் பலகைகளைப் பல மாதங்கள் திறந்தவெளியில் இயக்கினர். உச்சத் திறன் 0.76 சதவீதம். அவர்கள் எடுத்துக்கொண்ட ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டும் புறஊதாவை மட்டுமே உட்கவரும் பொருள்தான்.